கூரை மேல் நின்று கேட்ட பாட்டு

"வருது மாமா... வருது, வருது... ஐயோ, போச்சு!"

வீட்டுக்குள் இருந்து கத்தியது ஏழு வயசுப் பெண் கௌசல்யா. கூரை மேல் நின்றது நான். ஒரு கையில் ஸ்பேனர், இன்னொரு கையில் டிஷ். கொல்லிமலையில் அன்றைக்குப் பனி இறங்கி, என் செருப்பே எனக்குத் தெரியவில்லை. டிஷ்ஷைத் துளித் துளியாகத் திருப்ப வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் கீழே திரையில் வெறும் நீலம்தான்.

திடீரென்று கீழே ஒரு பாட்டு கேட்டது. யாரோ ஒரு பையன். குரல் உடைகிற வயசு போலிருந்தது. மேல் ஸ்தாயிக்குப் பயந்து பயந்து ஏறிக்கொண்டிருந்தான். "வந்துருச்சு மாமா! ஆடாதீங்க!" என்று கௌசி கத்தினாள்.

நான் ஆடவில்லை. உடனே போல்ட்டை முறுக்கியிருக்க வேண்டும். முறுக்கினால் டிஷ் நகரும், பாட்டு அறுந்துபோகும். அதனால் டிஷ்ஷைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, மூக்கு ஒழுக ஒழுக, அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் நின்றேன். பையன் கடைசியில் ஏறியே விட்டான். கௌசி கை தட்டினாள். அவளுடைய அப்பா வெள்ளையண்ணன் வாசலுக்கு வந்து, "ஏனுங்க பாய், எறங்கலீங்களா?" என்று அண்ணாந்து கேட்டார்.

அந்த ஊரில் நான் மாட்டிய முதல் டிஷ் அது. டிவி பாட்டுப் போட்டியில் நான் கேட்ட முதல் பாட்டும் அதுதான். அந்தப் பையனுடைய முகத்தை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

தட்டிக்கழித்த கேள்வி

இந்தப் பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதுவதைப் படிக்கிற ஒரு வாசகர் ராசிபுரத்திலிருந்து எழுதியிருந்தார். "மலை மேல் டிஷ் மாட்டியே நரைத்தவர் நீங்கள். பாட்டுப் போட்டியில் உங்களுக்குப் பிடித்த பாட்டுகளைப் பற்றி ஒரு வாரம் எழுதுங்களேன் பாய்" என்று. கடிதம் வந்து பல வாரமாகிறது. நான்தான் பைக் பஞ்சரானதையும், பன்னிரண்டாவது வளைவில் குரங்கு என் டிபன் பாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு போனதையும் எழுதித் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் எனக்கு ஒரு கடை. டிவி, டிஷ், செல்போன் ரீசார்ஜ். வீடு அடிவாரத்தில், காரவள்ளியில். காலையில் பைக்கில் ஏறுவேன், பொழுது சாய இறங்குவேன். இத்தனை வருஷத்தில் ஏறிய மலையைவிட ஏறிய கூரைதான் அதிகம்.

பிடித்த பாட்டுகள் இருக்கின்றன. ஒரு லாரி கிளீனர் பாடியது ஒன்று. சந்தை நாள். நல்ல மழை. பலாப்பழம் விற்க வந்தவர்கள் எல்லாரும் என் கடைக்குள் ஒதுங்கி, ஷோகேஸில் ஓடிய டிவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த ஆள் இரண்டாவது சரணத்தை மறந்துபோனார். மறந்தவர் நிறுத்தவில்லை. வாயை மூடிக்கொண்டு மெட்டை மட்டும் முனகினார். நடுவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். என் கடையில் நின்ற ஒரு கிழவர், "வார்த்தை எதுக்குங்க, அதான் விசயம் புரியுதே" என்றார். கடை முழுக்கப் பலாப்பழ வாசனை. அன்றைக்கு யாரும் ஒன்றும் வாங்கவில்லை.

இன்னொன்று, இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒரு பெண் தொண்டை கட்டிய குரலோடு பாடிய தாலாட்டு. அது நோன்பு மாதம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கிறது. கஞ்சியைக் கிண்டிக்கொண்டிருந்த என் மனைவி மும்தாஜ் கரண்டியை விட்டுவிட்டு வந்து நின்றாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. பாட்டு முடிந்தது. கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. அந்தத் தீய்ந்த கஞ்சியையே இரண்டு பேரும் குடித்தோம்.

இவை இரண்டும் நான் யாரிடமும் சொல்லக்கூடியவை. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்த பாட்டைப் பற்றி இதுவரை யாரிடமும் முழுதாக வாய் திறந்ததில்லை. மும்தாஜுக்குக்கூடப் பாதிதான் தெரியும்.

தலையில் வந்த டிவி

வெள்ளையண்ணன் மிளகுத் தோட்டக்காரர். கொஞ்சம் மரவள்ளி, கொஞ்சம் சாமை. கௌசிக்கு இரண்டு வயசு ஆவதற்குள் அவருடைய சம்சாரம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவர் டிவி வாங்க வந்த அன்று, எவ்வளவு பெரியது, என்ன கம்பெனி என்று எதுவும் கேட்கவில்லை.

"நான் தோட்டத்துக்குப் போயிட்டா புள்ள ஊட்ல ஒண்டியா இருக்குதுங்க பாய். ஏதோ ஒரு பேச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டு இருக்கட்டும்" என்றார்.

அவர் ஊருக்கு அப்போது பஸ் போகாது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து, டிவியைக் கம்பளியில் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் டிஷ்ஷைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் போனேன். வழியில் ஓர் ஓடை. அதில் இறங்குமுன் நின்று, "வழுக்குமுங்க, பாத்து வாங்க" என்று எனக்குப் புத்தி சொன்னார். தலையில் டிவியோடு இருந்தவர் அவர்.

கௌசி அந்த டிவியைப் பார்த்துத்தான் பாடக் கற்றாள். போட்டியில் யார் பாடினாலும் மறுநாள் அதை அப்படியே திருப்பிப் பாடுவாள். ரீசார்ஜ் தீர்ந்தால் எனக்குத் தகவல் வரும். நான் பைக்கை எடுத்துக்கொண்டு போனால், "பாய் மாமா, இந்த வாரம் யாரு பாடுனாங்க?" என்று கேட்டுக் குடைவாள். வளர்ந்தாள். சேலத்தில் நடந்த தேர்வில் அதே போட்டிக்குத் தேர்வானாள். செம்மேட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர் முதல் ஆபீஸ் பியூன் வரைக்கும் என்னிடம் வந்து விசாரித்தார்கள், ஏதோ நான் பெற்ற பிள்ளை மாதிரி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒத்துக்கொள்வதில் என்ன வெட்கம்?

வேனில் வந்த சிம்னி விளக்கு

கௌசி மூன்று நான்கு சுற்றுகள் தாண்டியதும், அவள் வாழ்க்கையைப் படம் பிடிக்கச் சென்னையிலிருந்து ஒரு வேன் வந்தது. பாட்டுக்கு முன்னால் ஒரு கதை காட்டுவார்களே, அதற்கு. கௌசியையும் கூட்டி வந்திருந்தார்கள். வழி காட்ட நான் போனேன்.

வெள்ளையண்ணனுடைய இரண்டு அறை காங்கிரீட் வீடு அவர்களுக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கம் புல் வேய்ந்த சமையல் கொட்டகை பிடித்துப்போயிற்று. அதன் வாசலில் அவளை உட்காரவைத்தார்கள். சிம்னி விளக்கு ஒன்றை வேனிலேயே கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் மலையில் அதைத் தேட வேண்டிய சிரமம் இருக்கக்கூடாது என்று நினைத்திருப்பார்கள். பின்வாசல் வழியே தெரிந்த டிவியின் மேல் ஒரு சேலையைப் போட்டு மூடினார்கள்.

இயக்குகிற தம்பி நல்ல மரியாதைக்காரர். "சார், ஃப்ரேம்ல அந்த டிஷ் இடிக்குது. ஒரு அரை மணி நேரம் கழட்டி வைக்க முடியுமா?" என்றார்.

கழற்றினேன். ஸ்பேனர் எப்போதும் பைக்கிலேயே இருக்கும். நான் மாட்டிய டிஷ்ஷை என் கையாலேயே கழற்றிச் சுவரோரம் கவிழ்த்து வைத்தேன். டிவிக்காரர்களுக்கு உதவுகிறோம் என்று கொஞ்சம் பெருமைகூட இருந்தது. வெள்ளையண்ணன் அப்போது அங்கே இல்லை. தோட்டத்தில் மூட்டை தூக்கி நடப்பதை இன்னொரு கேமராக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார். கௌசி என்ன பேசினாள் என்பது எனக்கும் கேட்கவில்லை. என்னைத் தூரமாக நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

வேன் போன பிறகு டிஷ்ஷைத் திரும்ப மாட்டினேன். வெள்ளையண்ணன் வந்து, "அதை எதுக்குங்க கழட்டுனீங்க?" என்றார்.

"படத்துல இடிக்குதாமுங்கண்ணா."

"அது என்ன பண்ணுச்சு பாவம்" என்று சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை

நிகழ்ச்சி அன்று ஊரே அந்த வீட்டில். வந்தவர்களுக்கெல்லாம் வேகவைத்த மரவள்ளிக் கிழங்கு. வெள்ளையண்ணன் வெளுத்த சட்டை போட்டு, டிவிக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார். படம் கண்ணாடி போலத் தெளிவு. நான் மாட்டினால் அப்படித்தான் இருக்கும்.

முதலில் கதை வந்தது. சிம்னி விளக்கு. புல் கொட்டகை. அதன் முன்னால் கௌசி. "எங்க வீட்ல டிவி கிடையாதுங்க. பக்கத்து வீட்டு ரேடியோவுல வர்ற பாட்டைக் கேட்டுத்தான் கத்துக்கிட்டேன்" என்றாள்.

பக்கத்து வீட்டுப் பாப்பாயி கிழங்கை வாயருகே வைத்தபடியே, "எங்கூட்ல ஏதுடி ரேடியோ?" என்றாள். ஓரிரண்டு பேர் சிரித்தார்கள்.

அப்புறம் மூட்டை சுமந்து நடக்கிற வெள்ளையண்ணன் வந்தார். பின்னால் ஒரு கனத்த குரல், மகளுக்கு ஒரு ரேடியோகூட வாங்கித் தர வழியில்லாத அப்பா என்று சொன்னது. அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் அவரைப் பார்க்கக்கூடாது என்று டிவியையே பார்த்தார்கள்.

அப்போது கௌசி பாட ஆரம்பித்தாள்.

எப்படிச் சொல்வது? சாமைக்காட்டில் களை எடுக்கும்போது பெண்கள் ஒரு ராகம் இழுப்பார்கள். அதை மெல்ல எடுத்தாள். வாத்தியம் ஒன்றும் இல்லை. அப்படியே ஒரு பழைய பாட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தாள். எங்கே சேர்த்தாள் என்று தெரியவே இல்லை. அவள் மூச்சு வாங்குகிற சத்தம்கூடப் பாட்டுக்குள் இருந்தது. இரண்டு நடுவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எத்தனையோ வருஷமாக அந்தப் போட்டியைக் கேட்கிறேன். அப்படி ஒருவர் பாடி நான் கேட்டதில்லை.

அந்த வீட்டில் அதைக் கேட்டது நான் ஒருத்தன்தான். மற்றவர்கள் காதில் ஒன்றும் ஏறவில்லை. பாதிப் பாட்டில் வெள்ளையண்ணன், "மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்" என்று எழுந்து போய்விட்டார்.

பாட்டு பிடித்தது என்பது வேறு, என் கோபம் வேறு. பாட்டு முடிந்ததும் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. டிவி இல்லையாம். ஏழு வயசில் "ஆடாதீங்க மாமா" என்று கத்தினாளே, அது எந்த ரேடியோவுக்கு? பனியில் நான் நின்றது, அவர் தலையில் சுமந்தது, எல்லாவற்றையும் ஒரே வார்த்தையில் துடைத்துவிட்டாளே. அப்படிச் சொல்லச் சொல்லி யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் ஆறவில்லை.

திங்கட்கிழமை

மக்கள் ஓட்டுப் போட மறுநாள் ராத்திரி எட்டு மணி வரை நேரம். செல்போனில் ஓர் ஆப்பில் போட வேண்டும். ஒரு போனுக்கு ஓர் ஓட்டு. கடைக்கு வந்த போனில் எல்லாம் அந்த ஆப்பை முன்கூட்டியே ஏற்றிக் கொடுத்திருந்தேன். ஆனால் அவர்கள் ஊரில் சிக்னல் கிடையாது. மேட்டுக்கு ஏறி வந்துதான் போட வேண்டும்.

யாரும் ஏறவில்லை. கௌசி வீட்டில் டிவி உண்டு என்று தெரிந்த செம்மேட்டுக்காரர்களும் போடவில்லை. ஊர் கூடி முடிவு செய்யவும் இல்லை. பின்னால் ஒவ்வொருவராகக் கேட்டபோது எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "எனக்கு மனசு வரலீங்க பாய். மத்தவங்க போட்ருப்பாங்கன்னு இருந்துட்டேன்." அவள் தோற்க வேண்டும் என்று ஒருவர்கூட நினைக்கவில்லை. தன் கையால் போட வேண்டாம் என்று மட்டும்தான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

ஒரே ஒருத்தர் வந்தார். மத்தியானம், வெயிலில் நடந்து, என் கடைக்கு வெள்ளையண்ணன் வந்தார். சட்டைப்பையிலிருந்து பட்டன் போனை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இதுல ஓட்டுப் போட முடியுமுங்களா பாய்?"

"இதுல ஆகாதுங்கண்ணா."

"அப்ப உங்க போன்ல எனக்காகப் போட்ருங்க."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "கோவம் இல்லீங்களா உங்களுக்கு?"

"கோவம் இல்லாம இருக்குமுங்களா? ராத்திரி பூரா தூக்கமில்ல." பட்டன் போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "அதுக்காக எம் புள்ளைக்கு நான் போடாம இருக்க முடியுமுங்களா? ... அது நல்லாப் பாடுச்சுங்களா பாய்? எனக்கு ஒண்ணும் காதுல ஏறல."

"நல்லாப் பாடுச்சுங்கண்ணா. அந்த மாதிரி யாரும் பாடி நான் கேட்டதில்லை."

தலையை ஆட்டினார். நான் போனைத் திறந்தேன். கௌசியின் படம் வந்தது. அதே கொட்டகை, அதே விளக்கு. எனக்குத் திரும்பவும் சுர்ரென்றது. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டிவிட்டு, "போட்டாச்சுங்கண்ணா" என்றேன்.

போடவில்லை.

சாயங்காலம் போட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலை இறங்கும்போது, சிக்னல் நன்றாகக் கிடைக்கிற ஒரு வளைவில் பைக்கை நிறுத்தவும் செய்தேன். நேரம் இருந்தது. போனைக் கையில் எடுத்தேன். "டிவி கிடையாதுங்க" என்ற குரல் காதில் வந்தது. என் ஓர் ஓட்டில் என்ன ஆகிவிடப் போகிறது, மலையே போட்டிருக்கும் என்று போனைப் பையில் போட்டேன்.

அந்த ஓட்டு என்னுடையது அல்ல, அவருடையது என்பது வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, கை கழுவும்போதுதான் உறைத்தது. அதற்குள் நேரம் முடிந்திருந்தது.

கழற்றியது கழற்றியபடி

அடுத்த வாரம் கௌசி வெளியேற்றப்பட்டாள். ஊருக்கு வரவில்லை. கோயம்புத்தூரில் ஒரு கல்யாணக் கச்சேரிக் குழுவில் சேர்ந்துவிட்டதாகத் தகவல் வந்தது. அப்பாவும் மகளும் பேசிக்கொள்ளவில்லை. அவள் முதலில் கூப்பிடட்டும் என்று அவர் இருந்தார். எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று அவள் இருந்தாள்.

சில நாள் கழித்து வெள்ளையண்ணன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனேன். டிவியைத் துடைத்து, அதே கம்பளியில் சுற்றி வைத்திருந்தார்.

"டிஷ்ஷக் கழட்டிருங்க பாய். இதையும் கொண்டு போயிருங்க."

"ஏனுங்கண்ணா?"

"வர்றவன் போறவன் எல்லாம் அதைக் காட்டிக் காட்டி, உம் புள்ள பொய் சொல்லிருச்சுன்னு சொல்றானுங்க. ஊட்ல டிவி இல்லீன்னு அது சொல்லிருச்சு. இல்லாமயே இருந்துட்டுப் போகட்டும். எம் புள்ள சொன்னது பொய்யா ஆக வேண்டாமுங்க."

இரண்டாம் முறையாக அந்த டிஷ்ஷைக் கழற்றினேன். போன முறை நானே இறுக்கி மாட்டிய போல்ட் லேசில் வரவில்லை. கீழே இருந்து யாரும் எதுவும் கத்தவில்லை.

போன தை மாதம் மிளகு பறிக்க ஏணியில் ஏறியவர் விழுந்தார். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரம் உயரமானது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மலை இறங்குகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

கௌசி வந்தாள். அவரை இடுகாடு சேர்த்துவிட்டு எல்லாரும் கலைந்த பிறகு, டிவி இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள்.

"மலையிலிருந்து ஒரு ஓட்டுகூட வரலைன்னு ஷோவுல ஊர்வாரிக் கணக்கப் பாத்த ஒரு அண்ணன் சொன்னாரு மாமா. ஒண்ணுகூட இல்லையாமா. அப்ப எங்கய்யனும் போடலைதானே? டிவியக்கூட வேண்டாம்னு தூக்கிட்டாரு. எம் மூஞ்சியவே பாக்கக்கூடாதுன்னு நெனச்சிருக்காரு."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால், அடுத்த கேள்வி "அப்ப அந்த ஓட்டு எங்கே மாமா?" என்பதாகத்தான் இருக்கும். நான் அவள் தலையைத் தடவி, "அழுவாத சாமி" என்றேன். அவ்வளவுதான் என் தைரியம். அன்று மாலை பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டதும் நான்தான்.

ராசிபுரம் வாசகருக்குப் பதில் இதுதான்: எனக்கு மிகவும் பிடித்த பாட்டைப் பாடியவள் கௌசல்யா.

கௌசி, இந்த இதழ் உன் கைக்கு எப்படியாவது வந்து சேரும் என்று நினைத்து எழுதுகிறேன். டிவியை உங்கய்யன் கோபத்தில் கழற்றச் சொல்லவில்லை. உன் வார்த்தையை மெய்யாக்கத்தான் கழற்றச் சொன்னார். அன்றைக்குத் திங்கட்கிழமை மலையில் ஓட்டுப் போட நடந்து வந்த ஒரே ஆள் அவர்தான். என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். ஓட்டுப் போட முடியுமா, புள்ள நல்லாப் பாடுச்சா என்று. முதல் கேள்விக்குப் போட்டாச்சு என்று பொய் சொல்லி நான் அவரை ஏமாற்றினேன். இரண்டாவதற்கு மட்டும்தான் உண்மையைச் சொன்னேன்.